கோர்வையில் குறைந்த ஒரு துண்டு

முப்பது வருடமாக வயலின் வாசிக்கிறேன். என் வில் ஓடுகிற ஒலிப்பதிவுகள் எத்தனை என்று கேட்டால் எனக்கே தெரியாது. கச்சேரிப் பதிவுகள் ஒரு பக்கம், பக்திப் பாட்டு கேசட்டுகள் ஒரு பக்கம். அந்தப் பாட்டுகள் இன்றும் கிரிவலப் பாதையின் டீக்கடைகளில் ஓடுகின்றன. பால் வாங்கப் போகிற வழியில் என் வாசிப்பை நானே கேட்டுக்கொண்டு போவேன். ஒரு கேசட்டில் மிருதங்கக்காரர் பெயரை இரண்டு தடவை அச்சடித்திருந்தார்கள். என் பெயர் ஒரு தடவைகூட இல்லை.

புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. பக்கவாத்தியம் என்றால் அப்படித்தான். விரும்பி எடுத்துக்கொண்ட தொழில் என்று சொன்னால் அதுவும் பொய். நாங்கள் அடி அண்ணாமலைப் பக்கம் மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற குடும்பம். அரசு இசைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது பாட்டு வகுப்பு நிறைந்துவிட்டது, வயலினில் இடம் இருந்தது. அவ்வளவுதான் என் கலை வரலாறு. பிறகு பிடித்துப்போய்விட்டது, அது வேறு கதை.

சென்னையில் பெரிய பாடகர் ஒருவருக்குப் பன்னிரண்டு வருடம் வாசித்தேன். எல்லாரும் அவரை ஐயா என்பார்கள், நானும் அப்படியே. நல்ல மனிதர். ரயிலில் எனக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்ததா என்று விசாரித்துவிட்டுத்தான் படுப்பார். கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவர். அவர் தாளம் தப்பினார் என்று யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு நாள் தப்பினார். சபா நிறைந்த கூட்டம், மார்கழிக் கச்சேரி. ஸ்வரம் பாடி முடித்து, கோர்வைக்கு வந்தார். கோர்வை என்பது கணக்காகக் கட்டிய ஸ்வர வரிசை. அதை மூன்று தடவை பாடி முடிக்கிற இடத்தில் பாட்டின் முதல் சொல் வந்து சரியாக உட்கார வேண்டும். இரண்டு தடவை சரியாகப் பாடினார். மூன்றாம் தடவை நடுவில் ஒரு சின்னத் துண்டை விட்டுவிட்டார். அப்படியே போனால் பாட்டை இரண்டு எண்ணிக்கை முன்னாலேயே எடுத்துவிடுவார், சபை முழுக்கத் தெரிந்துபோகும். நான் கூடவே வாசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க நேரம் எங்கே இருந்தது? கோர்வை முடிகிற இடத்தில் ஒரு அபஸ்வரத்தைப் பலமாக இழுத்து, தடுமாறியது போல வில்லை நிறுத்தினேன். அவர் சட்டென்று நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். பரவாயில்லை என்பது போலச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஆன நேரத்தில் சரியான இடம் வந்துவிட்டது, பாட்டை எடுத்தார். கைதட்டல் காதைப் பிளந்தது.

மிருதங்கக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது அவர் உயிரோடு இல்லை.

ஐயாவுக்கு அது புரிந்திருக்கும், நன்றியைச் சொல்லிக் காட்டுகிற சுபாவம் அவருக்கு இல்லை என்று நானே நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு ரகசியப் பெருமையும் இருந்தது. இத்தனை பெரியவரை ஒரு நொடியில் தூக்கி நிறுத்தினோமே என்று.

போன வருடம் யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கச்சேரியின் வீடியோவிலிருந்து இரண்டு நிமிடத்தை வெட்டி இணையத்தில் போட்டான். தலைப்பு: வயலின் சொதப்பியும் ஐயா சமாளித்த விதம். கீழே வண்டி வண்டியாகப் பின்னூட்டம். இந்த அம்மாவை யார் மேடை ஏற்றியது, வீட்டில் சமைக்கச் சொல்லுங்கள் என்றெல்லாம். எங்கள் வீட்டில் சமைப்பது என் கணவர். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பின்னூட்டத்தோடு போயிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். ஆனால் அந்தச் சமயத்தில்தான் எனக்கு முதல் தனி வயலின் பதிவு முடிவாகியிருந்தது. பாட்டு கிடையாது, நானும் மிருதங்கமும் மட்டும். என் பெயர் முதலில். ஐம்பத்தாறு வயதில் இதற்கு ஆசைப்படலாமா என்று கேட்டால், ஆசைப்பட்டேன், ரொம்பவே ஆசைப்பட்டேன். அதை வெளியிட இருந்த பதிவுக்காரர் சென்னையிலிருந்து போன் செய்தார். "மேடம், இந்த வீடியோ கொஞ்சம் அடங்கட்டும். இப்ப உங்க பேர்ல போட்டா எல்லாம் இதையேதான் பேசுவாங்க" என்றார். அடங்கட்டும் என்றால் கைவிட்டாயிற்று என்று பொருள். எனக்குத் தெரியாதா?

ஒரே ஒரு ஆள் வாயைத் திறந்தால் போதும். ஐயா எங்கள் ஊர்க் கோயிலுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு, வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்ல மறுத்தால் என்ன பேசுவது என்று மூன்று நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பன்னிரண்டு வருட மரியாதையையும் தூக்கிப் போட்டுவிடுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

தரிசனம் முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். சர்க்கரை போடாத காபியை ஒரு வாய் குடித்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"அந்த வீடியோவ நானும் பாத்தேம்மா. மனசுல வச்சுக்காதீங்க. தப்பு யாருக்குத்தான் வராது? நான் அப்பவே மன்னிச்சுட்டேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மனிதர் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடமாக என் தப்பு என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

கோபம் அப்புறம்தான் வந்தது, அதுவும் சுறுசுறுவென்று. போனில் அந்தப் பதிவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஐயா, தாளம் போட்டுக்கிட்டே ஒரு தடவ கேளுங்க. என் வயலினை விட்டுடுங்க. உங்க குரலை மட்டும் கேளுங்க" என்றேன்.

தொடையில் தட்டியபடி கேட்டார். முகம் மாறவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் போட்டேன். மூன்றாம் தடவைக் கோர்வையின் நடுவில் அவர் கை அந்தரத்தில் நின்றது.

"விட்டுட்டேன்" என்றார்.

"ஆமாம் ஐயா."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலயே ஐயா."

காபி ஆறிப்போயிருந்தது. அதை முழுவதும் குடித்தார். எழுந்து போகும்போது, இதை அப்படியே விடமாட்டேன் என்று மட்டும் சொன்னார். கார் கிளம்பிய பிறகு என் கணவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அன்னிக்கே கச்சேரி முடிஞ்சு கார்ல வரும்போது அவர்கிட்ட சொல்லியிருந்தா இன்னா? உனக்குத் திமிரு ஜாஸ்தி" என்றார். மறுக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த வீடியோவின் கீழே ஐயாவின் பின்னூட்டம் வந்தது. அவர் படத்தோடு, அவர் கைப்படத் தட்டியது. "மூன்றாம் தடவை கோர்வையில் ஒரு துண்டை விட்டவன் நான். வயலின் வாசித்த அம்மா, தானே தப்பு செய்ததாகக் காட்டி என்னைக் காப்பாற்றினார். பிழை என்னுடையது." படித்தபோது கண்ணில் நீர் முட்டியது. இதைச் சொல்ல வெட்கமில்லை. இவ்வளவு காலம் கழித்து ஒரு வாக்கியம் கிடைத்ததே.

சாயங்காலத்துக்குள் அதற்குக் கீழே பதில்கள் குவிந்தன. என்ன பெருந்தன்மை என்று ஒருவர். தப்பு செய்த பக்கவாத்தியத்தைக் காப்பாற்றத் தன் மேலேயே பழி போட்டுக்கொள்கிறார், இவரல்லவா மகான் என்று இன்னொருவர். இந்த அம்மா ஐயா காலில் விழ வேண்டும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதற்குத்தான் நிறைய லைக் விழுந்திருந்தது.

ஐயா போன் செய்தார். "நான் உண்மையத்தாம்மா எழுதினேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றார்.

"அன்னிக்கு அவ்வளவு நல்லா வாசிச்சுட்டேன் போல ஐயா" என்றேன்.

மறுநாள் பதிவுக்காரர் உற்சாகமாகக் கூப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டதாம், அடுத்த வாரமே ஸ்டூடியோவுக்கு வரலாமாம். "ஐயா உங்க மேல எவ்வளவு பிரியம் வச்சிருக்காரு மேடம். ஜனங்க அழுவுறாங்க. அந்த வரிகளையே அட்டைப்படத்துல போட்டுடலாமா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிப் போனைத் தூக்கி எறிய ஒரு நொடி போதும். ஆனால் அந்த வரிகளில் ஒரு பொய்யும் இல்லையே.

"போடுங்க. ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது" என்றேன்.

அப்படியே போட்டார்கள். மேலே என் பெயர், அதற்குக் கீழே ஐயாவின் வாக்குமூலம். பதிவு நன்றாக வந்திருக்கிறது. கேட்டவர்கள் போன் செய்து பாராட்டுகிறார்கள், வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஐயாவின் மனசைப் பற்றிப் பத்து வார்த்தை. நானும் சரி சரி என்று கேட்டுக்கொள்கிறேன்.