நாலாவது வாரப் பாடம்

ரேடியோ என்று அவனுக்குப் பெயர் வைத்தது அவனுடைய அண்ணி. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூக்கம் வரும்வரை ஓயமாட்டான். அண்ணனுடைய டயர் கடையில் பஞ்சருக்குக் காத்திருப்பவர்களிடம் பேசிப் பேசியே இருபத்திரண்டு வயதை எட்டியவன். ஒட்டிய பஞ்சர் கொஞ்சம், ஓட்டிய வாய் அதிகம். வெளியூர் ஊழியத்துக்கு ஓர் இளைஞன் வேண்டும் என்று சபையில் கேட்டபோது, "வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்" என்று எல்லோரும் அவனைத்தான் கைகாட்டினார்கள். பையனுக்கு பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் அவன் தலையாட்டியதற்கு முதல் காரணம் டயர் கடை என்பது ஆண்டவருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும்.

"தம்பி, உங்க தட்டைப் பரண்ல போடட்டுமா, இல்ல கைக்கெட்டுற இடத்துலயே இருக்கட்டுமா?" என்று அண்ணி வாசலில் வைத்துக் கேட்டாள். "எப்படியும் ஒரு வாரத்துல வந்துருவீங்க."

சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினான். பாதி வழியில் அது உறுத்தத் தொடங்கியது. ஒரு வாரத்தில் திரும்பிப் போனால் ஆயுசுக்கும் டயர் கடைதான். அதுவும் வருகிறவன் போகிறவனெல்லாம் ஊழியக்காரரே என்று கூப்பிட்டுச் சிரிக்கிற டயர் கடை.

பயிற்சி வீடு மூன்று மாடி. சுவரெல்லாம் ஈரம், குழாயெல்லாம் ஒழுகல். வந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். ஒருவரைவிட்டு ஒருவர் பிரியக் கூடாது என்பது விதி. ஒருவன் குளித்தால் மற்றவன் கதவுக்கு வெளியே துண்டோடு நிற்க வேண்டும். ரேடியோவுக்கு வாய்த்த ஜோடி முன்பு ஜன்னல் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவான், அதில் ஒன்று ம். கல்யாணம் பண்ணிவைத்திருந்தால்கூட இவ்வளவு ஒட்டவைத்திருக்க மாட்டார்கள் என்று ரேடியோ அவனிடமே சொன்னான். அவன் ம் என்றான்.

பாடம் நடத்திய டீச்சர் முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். இந்த ஊர்க்காரர், இரண்டு மொழியும் தெரிந்தவர். முதல் மூன்று நாள் இந்த ஊர் மொழியில் எண்கள், உறவுமுறை, தொழில்கள். வியாழக்கிழமை காலையிலிருந்து வீட்டுக்குள் யாரும் தாய்மொழி பேசக் கூடாது. பேசினால் டீச்சரின் நோட்டில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் ஊருக்கு.

முதல் கோடு வியாழக்கிழமை ஏழு மணிக்கே விழுந்தது. கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்றான். வலிக்கு ஏது மொழி என்று கையாலும் காலாலும் நடித்து வாதாடிப் பார்த்தான். ஐயோவை விட்டுவிடலாம், அம்மா என்பது வார்த்தை என்று டீச்சர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டாவது வெள்ளிக்கிழமை மத்தியானம். வகுப்பில் கண்ணயர்ந்தவன் தூக்கத்தில் யாருக்கோ காற்றடித்துக்கொண்டே பேசியிருக்கிறான். சாட்சி கேட்டபோது அரிச்சந்திரனுக்குத் தம்பியான கண்ணாடிக்காரன் ம் என்றான். ஆக, இன்னும் ஒரு வார்த்தை வாயிலிருந்து தவறினால் அண்ணி சொன்னது பலித்துவிடும். அன்று முதல் அவன் சாப்பிடும்போதுகூட உதட்டை இறுக்கிக்கொண்டான்.

வாரக் கடைசியில் தேர்வு. அதற்குக் கீழ்த்தளத்தில் பொய் வீடு ஒன்று இருந்தது. வாசலில் கதவு, மணி, மிதியடி. உள்ளே சோபா, பிளாஸ்டிக் பூ, யாருடையதென்று தெரியாத குடும்பப் படம். மணியடித்தால் வெளியிலிருந்து வரவழைத்த ஓர் ஆள் திறப்பார். அவர் திட்டுவார், அழுவார், நாயை அவிழ்த்துவிடுவேன் என்பார். எல்லாம் நடிப்பு. புதன்கிழமை ஒத்திகையில் வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் மனைவி செத்துப்போனதாகத் தேம்பித் தேம்பி அழுதார். முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு டீ இருக்கிறதா என்று கேட்டார். மூன்று கேள்வி கேட்க வேண்டும், பதில் புரிய வேண்டும், ஒவ்வொரு பதிலுக்கும் இதமாக ஏதாவது சொல்ல வேண்டும். ரேடியோவுக்கு வந்த ஒரே இதமான வார்த்தை 'மிக நன்று'. சரியாகச் சொன்னவர்களுக்கெல்லாம் டீச்சர் சொல்வது அதைத்தான்.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு ரேடியோவின் முறை. தேர்வுக்கு மட்டும் ஜோடி கிடையாது. டீச்சர் ஜன்னலுக்கு வெளியே நோட்டோடு நின்றார். மணியடித்தான். கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நனைந்த சட்டை, கையில் ஸ்பானர். தரையெல்லாம் தண்ணீர். ஆபீஸில் இந்தத் தடவை செலவு பார்க்காமல் ஜோடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"உள்ளே வரலாமா?" என்று அந்த மொழியில் கேட்டான்.

"வா. தண்ணி நிக்குது, பாத்து வா."

"என்ன வேலை செய்கிறீர்கள்?"

அந்த ஆள் கையிலிருந்த ஸ்பானரை ஒருமுறை பார்த்தார். "குழாய் வேலை."

"மிக நன்று. வீட்டில் எத்தனை பேர்?"

அவர் ஸ்பானரை சோபா மேல் வைத்தார். "ரெண்டு பேர் இருந்தோம். நானும் மகளும். இப்ப நான் ஒருத்தன்தான்."

இரண்டு, மகள், ஒன்று. எல்லாம் படித்த வார்த்தைகள். ஒன்றுவிடாமல் புரிந்த சந்தோஷத்தில் ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. "மிக நன்று," என்றான்.

அந்த ஆள் அவனை நிமிர்ந்து பார்த்தார். "மக செத்துட்டா," என்றார். குரல் நடுவில் உடைந்தது. செத்துப்போவது என்பது புதன்கிழமை ஒத்திகையில் கேட்ட வார்த்தை. புதன்கிழமைக்காரர் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும் என்று தோன்றியது ரேடியோவுக்கு. அவ்வளவு அடக்கம், மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. "மிக நன்று, மிக நன்று," என்று சொல்லி இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினான்.

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். ஜன்னலுக்கு வெளியே டீச்சர் சிரித்த முகமாக நோட்டில் எதையோ எழுதினார்.

அப்போதுதான் முன்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடிவந்தார் புதன்கிழமை வழுக்கைத்தலைக்காரர். "பஸ் வரல. இன்னைக்கு நான் அழணுமா, கோவப்படணுமா?" என்று டீச்சரைக் கேட்டார். அவர் கேட்டது ரேடியோவுக்குப் புரியவில்லை. ஆளைப் பார்த்ததே போதுமாக இருந்தது. டீச்சரின் பேனா நோட்டிலேயே நின்றுவிட்டது.

பெண்ணைப் பறிகொடுத்த மனுஷனுக்கு முன்னால் நின்று ரேடியோ கைதட்டியிருக்கிறான். அந்த ஐந்து நாளில் படித்ததையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். நூற்றைம்பது வார்த்தை. நாற்காலி இருந்தது, நன்றி இருந்தது, மாமனார்கூட இருந்தார். வேண்டிய ஒன்று இல்லை.

"டீச்சர், மன்னிச்சுக்கோங்கன்னு இவங்க பாஷையில எப்படிச் சொல்றது?" என்று சொந்த மொழியில் கேட்டான்.

டீச்சர் நோட்டை மூடினார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் காதில் எதுவும் விழவில்லை என்று அந்த மொழியில் நிதானமாகச் சொன்னார். வார்த்தை புரியாவிட்டாலும் நோட்டு மூடியது அவனுக்குப் புரிந்தது. தேர்வில் தேறியாகிவிட்டது. பேசாமல் மாடிக்குப் போனால் போதும்.

"டீச்சர், உங்களைத்தான் கேக்கறேன். மன்னிச்சுக்கோங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றான், இன்னும் சத்தமாக. வழுக்கைத்தலைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக டீச்சரும் அவனுடைய மொழியில் பேசினார். "அது நாலாவது வாரப் பாடம்ப்பா."

"நாலாவது வாரம் அவர் இங்க இருக்க மாட்டாரே டீச்சர்."

டீச்சர் நோட்டைத் திறந்து மூன்றாவது கோட்டைப் போட்டார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார். நீளமான வார்த்தை. மூன்று தடவை சொல்லிக்கொடுத்து, மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார்.

குழாய்க்காரர் பின்படிக்கட்டில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரேடியோ எதிரில் போய் நின்று சொன்னான். முதல் தடவை நாக்கு பாதி வார்த்தையில் பிசகியது. மறுபடி சொன்னான். அவர் படியில் நகர்ந்து இடம் விட்டார்.

உட்கார்ந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். விடாமல் பேசினார். அதில் அவனுக்குப் புரிந்தது மகள் என்ற ஒரு வார்த்தைதான். அது அடிக்கடி வந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவன் அவர் முகத்தைப் பார்த்தான். குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பஸ் நாலு மணிக்கு. மூன்றே முக்கால் வரைக்கும் அவர் பேசினார், அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.