ஒன்பது முறை திருத்திய இரண்டு பக்கங்கள்

என் கணவர் எழுதும் வாக்கியத்துக்கு ஆரம்பம் உண்டு, முடிவு கிடையாது. எங்கேயோ கிளம்பும், வழியில் நாலு பேரை ஏற்றிக்கொள்ளும், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் மூச்சிரைக்க நிற்கும். தம்பானூரிலிருந்து கழக்கூட்டத்துக்கு இருபத்தாறு வருஷமாக பஸ்ஸில் போய் வருகிறார். அந்த பஸ்கூட ஸ்டாப்பில் நிற்கிறது. இவர் எழுத்து நிற்பதில்லை.

நான் அதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களை அச்சுக்குப் போகும் முன் திருத்திக் கொடுப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன். கமா எங்கே வரவேண்டும், எந்த அடைமொழி எந்தச் சொல்லை ஒட்டி நிற்கவேண்டும், எட்டு வரி வாக்கியத்தை எங்கே வெட்டினால் மூன்று நல்ல வாக்கியமாகப் பிழைக்கும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்த விஷயம். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்குள் பிழை கண்ணில் பட்டுவிடும். ஹோட்டலில் மெனு கார்டைக் கையில் வாங்கியதும் பேனாவைத் தேடுவேன். அவர், "திருத்துனது மதி, போதும், சாப்பாடு சொல்லு" என்று கார்டைப் பிடுங்கி அந்தப் பக்கம் வைப்பார். பெருமைக்காகச் சொல்லவில்லை. இது ஒரு வியாதி, அவ்வளவுதான்.

இருவருக்கும் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம், மலையாளம் பேசும் கரமனையில் குடியிருக்கிறோம். அவர் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக் கட்டடத்தின் பராமரிப்பு சூப்பர்வைசர். கரண்ட், ஏசி, லிப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. எது நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். எழுத்து வேலை ஒன்றும் கிடையாது. இரண்டு வரி மெயில் அனுப்பினால் உண்டு, அதையும் என்னிடம் காட்ட மாட்டார். நிம்மதியாக இருந்தோம்.

போன வருஷம் கம்பெனி கைமாறியது. புதிதாக வந்தவர்கள் சூப்பர்வைசர்களில் பாதிப் பேர் போதும் என்று முடிவு செய்தார்கள். யார் இருப்பது, யார் போவது என்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவரும் இதுவரை தான் செய்த வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும். மழையில் டேங்க் மேல் ஏறி வால்வு மாற்றியவனை இரண்டு பக்கக் கட்டுரையை வைத்து எடைபோடுவார்களாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவருக்கு ஐம்பத்துநாலு வயது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். இந்த வேலை போனால் வேறு யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போவதில்லை. எங்களிடம் இருந்தது அந்த இரண்டு பக்கம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் முதல் பிரதியைக் கொண்டுவந்து வைத்தார்.

"நீ ஒண்ணு பாத்துத் தா, கேட்டியா. எழுதத்தான் நமக்குத் தெரியும், புள்ளி வைக்கல்லாம் அறிஞ்சுகூடா."

படித்தேன். இரண்டு பக்கத்தில் மொத்தம் ஏழு முற்றுப்புள்ளி. மூன்றாவது வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: புகைந்துகொண்டிருந்த மேலாளரின் அறையில் இருந்த யூபிஎஸ்ஸை நான் உடனே அகற்றினேன்.

"இதுல பொகைஞ்சது யாரு? மேனேஜரா, யூபிஎஸ்ஸா?" என்றேன்.

"அன்னைக்கு ரெண்டு பேருந்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலாளர் கைக்குப் போகிற காகிதம் அது. பென்சிலை எடுத்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது, பத்து நாள் ஓடியது. அவர் ஆபீசிலிருந்து வந்து குளித்துவிட்டு வந்தால் மேசையில் காகிதம் தயாராக இருக்கும். நான் வெட்டுவேன், அவர் தூக்கி வைத்த முகத்தோடு டைப் செய்வார். டைப் செய்யும்போது வெட்டியதில் பாதியைத் திரும்பச் சேர்த்துவிடுவார். மறுபடியும் வெட்டுவேன். பதினாலு வயதுப் பிள்ளைகளுக்குப் புரிகிறது, ஐம்பத்துநாலு வயது மனிதருக்கு ஏன் புரியவில்லை என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். மகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணு நிர்த்துங்கோ, ப்ளீஸ்" என்று தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரிய சண்டை வந்தது ஜெனரேட்டர் விஷயத்தில்தான். அதற்கு முந்திய ஜூன் மாதம், ஒரு மத்தியானம், மழைநீர் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குள் புகுந்துவிட்டது. ஜெனரேட்டர் அங்கேதான், ஒரு திண்டின் மேல் இருக்கிறது. தண்ணீரை இறைக்க வேண்டிய பம்பு கிளம்பவில்லை. இவர் பக்கத்து மனையில் நடந்த கட்டட வேலைக்கு ஓடியிருக்கிறார். வள்ளியூர்ப் பக்கத்துக் கொத்தனார்கள் இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவிவிட்டு, தங்கள் பம்பை மதில் மேல் ஏற்றி இந்தப் பக்கம் இறக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் இவரோடு மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார்கள். ஒருவருக்குத் தகரம் கிழித்துக் காலில் ரத்தம். கடைசியில் ஜெனரேட்டர் தப்பியது. இது முழுவதையும் இவர் ஒரே வாக்கியமாக, பதினொரு வரியில் எழுதியிருந்தார். ஆறிப்போன சோறுகூட அதில் இருந்தது.

"இதுல கொத்தனார் எதுக்கு?" என்றேன். "இது உங்க வேலையப் பத்துன பேப்பர். ‘நான்’னு ஆரம்பிங்க. என்ன நடந்தது, நீங்க என்ன செஞ்சீங்க, அவ்வளவுதான். ஒதவி செஞ்சவங்க கதையெல்லாம் வாக்கியத்தக் கொழப்பும்."

"அவங்க இல்லேன்னா ஜெனரேட்டர் போயிருக்கும்லா."

"போகல்லேல்லா. அத எழுதுனா மதி."

"கம்பெனிக்கு எழுதுவேன்னு அன்னைக்கே அவங்ககிட்ட சொல்லியிருந்தேன்."

"அவங்க என்ன, ஆபீசுக்கு வந்து வாசிக்கவா போறாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, உன் இஷ்டம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். பால் வீட்டில் இருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் பதினொரு வரியை இரண்டாக்கிவிட்டேன். மழைநீர் கீழ்த்தளத்தில் புகுந்தபோது, நான் அதை மூன்று மணி நேரத்தில் வெளியேற்றினேன். ஜெனரேட்டருக்குச் சேதம் இல்லை. கமா இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

ஒன்பதாவது பிரதி முடிந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. அவ்வளவு சுத்தமான இரண்டு பக்கம். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இத்தனை வருஷம் நான் செய்கிற வேலை எதற்கு ஆகும் என்று இப்போதாவது தெரியட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "ஓகே ஆச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து நாளாகப் பிடித்துவைத்திருந்த பயம் எல்லாம் அதில் போயிற்று. சர்க்கரை கூடப் போட்டுக் காப்பி கொடுத்தேன். ஆனால் மனிதர் முகம் சரியில்லை. காப்பியைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மேடம் எல்லாருக்கும் முன்னால வச்சுக் கேட்டா" என்றார். மேடம் என்பது புதிய மேலாளர். முப்பத்தைந்து வயது இருக்கும், எர்ணாகுளத்துக்காரி. "இத்தன நல்லா எழுதியிருக்கே, ஆரு எழுதியதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏஐன்னு சொன்னேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். எல்லோரும் ஏஐ பயன்படுத்திப் பழகுங்கள் என்று கம்பெனியே சர்க்குலர் அனுப்பியிருக்கிறதாம். மெஷின் எழுதியது என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மனைவி எழுதியது என்றால் அங்கே இருந்த எல்லாரும் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்ததாம். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். இந்த வயதில் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாரே என்று கைதட்டச் சொன்னாளாம். திங்கட்கிழமை, இன்னும் பக்கம் கொடுக்காத மற்ற நாலு சூப்பர்வைசர்களுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்.

நான் கத்தியதை இங்கே எழுத விருப்பமில்லை. பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் குறைந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது. ஒன்பது பிரதி. பத்து நாள். கழுத்து வலிக்கு இன்னும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒரு மெஷின் கணக்கில் போயிற்று. ஒரு வார்த்தை, "என் வைஃப்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன்.

அவர் குத்திப் பேசத் தெரிந்தவர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது அப்படித் தைத்தது.

"நீதானே சொன்ன, ஒதவி செஞ்சவங்க கதையெல்லாம் கொழப்பும்னு."

காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினேன்.

மறுநாள் சனிக்கிழமை, அவருடைய போனில் அந்த நாலு பேரின் பக்கங்களும் வரிசையாக வந்து விழுந்தன. ஏஐயில் போட்டுத் திருத்தித் தரச் சொல்லி நாலு பேரும் எழுதியிருந்தார்கள். அவர் போனை நீட்டினார். எந்தத் தைரியத்தில் நீட்டினாரோ தெரியாது. "மேடத்துகிட்ட உள்ளத சொல்லுங்க. சொன்னாத்தான் தொடுவேன்" என்றேன்.

"சொல்லி, வேல போச்சுன்னா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பொய் சொன்னார் என்று அனுப்பிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? இருந்தாலும் நான் இறங்கி வரவில்லை. கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவர் கடைக்குப் போன நேரத்தில் அலமாரியில் போட்டுவைத்திருந்த முதல் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பதினொரு வரி வாக்கியத்தின் மேல் என் பென்சில் கோடுகள். கோட்டுக்கு அடியில் மதில் இருந்தது, பம்பு இருந்தது, ரத்தம் வந்த கால் இருந்தது. படிக்கப் படிக்க எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. அவர் மேல் இருந்த எரிச்சலும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே மேசையில் உட்கார்ந்து மேடத்துக்கு ஒரு மெயில் எழுதினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"பாத்துத் தா."

ஒரே வாக்கியம். பதினாலு வரி. மேடம் மன்னிக்கவேண்டும் என்று கிளம்பி, வெள்ளிக்கிழமை ஏஐ என்று சொன்னது தவறு, வீட்டில் டைனிங் டேபிளில் உட்கார்ந்து என் மனைவி ஒன்பது தடவை திருத்தினது, அவள் இருபது வருஷமாகப் புத்தகம் திருத்துகிறவள் ஆனால் பேர் அச்சில் வருவதில்லை, தண்ணீர் வந்த அன்று பம்பு தந்த இரண்டு கொத்தனார்களும் அதில் விட்டுப்போனார்கள், அவர்கள் சோறு ஆறிப்போயிற்று என்று போய், நன்றி என்று நின்றது. அடைமொழிகள் எல்லாம் கண்ட இடத்தில் கிடந்தன. ஆறிப்போனது சோறா, கொத்தனாரா என்று கேட்டால் சொல்ல முடியாது. அச்சில் என் பேர் வருவதில்லை என்பது இவர் கவனத்தில் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கை பரபரத்தது. நாலு முற்றுப்புள்ளி, ஆறு கமா, இரண்டு சொல்லை இடம் மாற்றினால் போதும், ஐந்து நிமிஷ வேலை. ஆனால் திருத்திவிட்டால் இதையும் மெஷின் எழுதியது என்பார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அனுப்புங்க" என்றேன்.

"பிழை இருக்கா?"

"இருக்கு. அனுப்புங்க."

திங்கட்கிழமை அவர் வரும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வந்தார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடம் சிரித்துவிட்டாளாம். "சாரமில்ல சேட்டா, அந்த ஃபைல் க்ளோஸ் ஆயி" என்றாளாம்; பரவாயில்லை, அது முடிந்த கதை என்று. மற்ற நாலு பேருடையதையும் மனைவியிடமே கொடுத்துத் திருத்தி வாங்கிவிடுங்கள், நல்லது என்றாளாம். பம்பு விஷயத்தையாவது அந்தப் பக்கத்தில் சேர்க்க முடியுமா என்று இவர் கேட்டிருக்கிறார். ஒருமுறை ஏற்றிவிட்டால் சிஸ்டத்தில் மாற்ற முடியாதாம்.

அதனால் கம்பெனியின் கணக்கில் இருப்பது என் இரண்டு வரிதான். மழைநீர் கீழ்த்தளத்தில் புகுந்தபோது, நான் அதை மூன்று மணி நேரத்தில் வெளியேற்றினேன். ஜெனரேட்டருக்குச் சேதம் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

பக்கத்து மனையில் இப்போது கட்டடம் எழும்பி, கண்ணாடியெல்லாம் போட்டாயிற்று. வேலை முடிந்து கொத்தனார்கள் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று அங்கிருந்த வாட்ச்மேனிடம் இவர் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரியவில்லையாம்.