குழந்தையைத் தூங்கவைத்த கால்சட்டை

நேற்று மத்தியானம் என் மகள் பிரிஸ்பேனிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கைக்குழந்தையான என் பேத்தி, தரை சுத்தம் செய்யும் வேக்குவம் மெஷின் ஓடினால்தான் தூங்குகிறாளாம். மருமகன், பாவம், கண்ணாடி மாதிரி இருக்கும் தரையில் திரும்பத் திரும்ப அதை இழுத்துக்கொண்டிருக்கிறார். மெஷினை நிறுத்தியதும் அந்தச் சின்ன வாய் கோணுகிறது. இது யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது பப்பா என்று, பாதி இந்தியும் பாதி இங்கிலீஷுமாக மகள் கேட்டிருந்தாள். சிரித்த சிரிப்பில் எனக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. வேறு யாரை? அவளைத்தான்.

அவள் பிறந்தது, இங்கே ஃபிஜியில் ராணுவம் பார்லிமென்ட்டுக்குள் நுழைந்ததற்கு மறு வருடம். எங்கள் இந்திய ஜனமெல்லாம் பயந்து நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். லவுத்தோக்காவில் நான் வேலை பார்த்த பாத்திரக் கடை முதலாளி, கதவைச் சாத்திவிட்டு சிட்னிக்குப் போய்விட்டார். என் மனைவி புதிதாகத் திறந்த துணி ஃபாக்டரிக்குப் போனாள். நான் வீட்டில், கையில் குழந்தையோடு.

பிள்ளை பெற்றவள் அவள், பெருத்தவன் நான். பூண்டும் சுக்கும் வெல்லமும் நெய்யில் உருட்டி, மாமியார் தவுவாவிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அவளுக்குப் பூண்டு வாசனையே ஆகாது. அனுப்பிய மனசு நோகக்கூடாதே என்று நான் தின்றேன். எல்லாவற்றையும் தின்றேன். கடைசியில், இருந்த ஒரே நல்ல கால்சட்டை இடுப்பில் ஒரு சாண் திறந்தே நின்றது.

"பெத்தது நானா நீங்களா?" என்றாள் மனைவி.

அந்த வாரம் பார்த்துத்தான் நாந்திப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்கு வரச்சொல்லி ஆள் விட்டார்கள். அங்கே இருந்தவர் கனடா போய்விட்டாராம். கறுப்புக் கால்சட்டை, உடம்புக்குப் பொருத்தமாக, சொந்தமாகப் போட்டுக்கொண்டு வரவேண்டும். வேலை கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு தவுவாவில் மச்சானின் கரும்புக் காட்டுக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. கரும்பு வெட்டப் பயமில்லை. மச்சான் நிறையப் பேசுவார், கேள்வியும் கேட்பார். எனக்கு அதுதான் பயம்.

கறுப்புத் துணி வாங்கிக்கொண்டு டெய்லர் கடைக்கு ஓடினேன். பூட்டு. அவர் வான்கூவர். எதிர்வீட்டு அக்கா ஆக்லாந்து போகும்போது தன் மிதி தையல் மெஷினை எங்களிடம் விட்டுப் போயிருந்தார். "வச்சிக்க தம்பி, திரும்பி வந்தா வாங்கிக்கிறேன்" என்றார். நானும் சரி அக்கா என்றேன். மனைவியைக் கேட்டால், ஃபாக்டரியில் அவள் வரிசைக்கு ஜிப் மட்டும்தான் வருமாம். "எனக்கு ஜிப்பு மட்டும்தான் தெரியும். அதுக்கு மேலயும் தெரியாது, கீழயும் தெரியாது."

ஆகவே நானே உட்கார்ந்தேன். பழைய கால்சட்டையைத் தையல் தையலாகப் பிரித்து, பேப்பரில் விரித்துக் கோடு போட்டு, சுற்றிலும் கொஞ்சம் தாராளமாக விட்டு வெட்டினேன். அன்றைய பேப்பர் முழுக்க வெளிநாடு போகிறவர்களின் விற்பனை விளம்பரம். என் வலது தொடையில் ஒரு ஃபிரிஜ், இடது தொடையில் கட்டிலும் பீரோவும், பின்பக்கத்தில் மூன்று அறை வீடு ஒன்று.

நல்ல துணியில் கைவைக்குமுன் மாவு மூட்டைத் துணியில் ஒன்று தைத்துப் பார்த்தேன். பின்னால் மாவின் எடை அச்சடித்திருந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த ஃபிஜிக்கார அம்மா பார்த்துவிட்டு, தன் கணவர் ஆபீசுக்குக் கட்டிப்போகும், வேட்டி மாதிரியான சூலுவை வேலிக்கு மேலே நீட்டினார். இதுக்குக் கால் தைக்கிற வேலையே இல்லையே என்று இந்தியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மனைவி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "நின்னா ராஜாதான். எங்க, குந்திப் பிள்ளயத் தூக்குங்க பாப்போம்."

குந்தினேன். டர்ரென்று கிழிந்தது. பாயில் கிடந்த குழந்தை ஒரு கணம் திகைத்துப் பார்த்து, கெக்கெக்கே என்று சிரித்தது. வாய்விட்டு அது சிரித்த முதல் சிரிப்பு! அப்புறம் மிச்சத்தையும் நாங்களே கிழித்தோம். அது சிரிக்கச் சிரிக்க, இடுப்புவரை கிழித்தோம்.

பின்பக்கத்து வளைவை இன்னும் இறக்கி வெட்டவேண்டும் என்று எனக்கு அந்தக் கிழிசல்தான் சொல்லிக்கொடுத்தது. கறுப்புத் துணியில் அப்படியே வெட்டினேன். குழந்தையின் தூளியை மெஷினுக்குப் பக்கத்தில் கட்டி, தூளிக்கும் மிதிபலகைக்கும் ஒரு கயிறு போட்டேன். மிதித்தால் தையலும் ஓடும், தூளியும் ஆடும். சத்தத்துக்கும் ஆட்டத்துக்கும் குழந்தை சொக்கிப்போகும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். காலை எடுத்தால் வீல் என்று அலறும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கால்சட்டை முடிந்தது. மனைவி வைத்த ஜிப் வெண்ணெய் மாதிரி ஏறியது. போட்டுப் பார்த்தேன், குந்தினேன், குழந்தையைத் தூக்கினேன், எதுவும் கிழியவில்லை. ஆனால் மறுநாள் காலையிலும் குழந்தை தூங்கவேண்டுமே. தைக்க வேறு எதுவும் இல்லை. உறுதிக்கு இருக்கட்டும் என்று ஓரங்களில் இன்னொரு தையல் ஓட்டினேன். அதன்மேல் இன்னொன்று. நாந்தி பஸ் நேரம் வந்ததும் பிள்ளையை வேலிக்கு மேலே அந்த அம்மாவிடம் நீட்டிவிட்டு, கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

எனக்கு ஒரு வழக்கம். பெரிய மனிதர் முன்னால் நின்றால் கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். கை பையைத் தேடியது. பை திறக்கவில்லை. இன்னொரு கை தேடியது. அதுவும் திறக்கவில்லை. இரண்டு வாயையும் நானே தைத்து மூடியிருந்தேன். போக இடமில்லாத கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, விறைத்து நின்றேன்.

"நிற்கிற விதம் நன்றாயிருக்கிறது. எங்கே பழகினீர்கள்?" என்றார் இங்கிலீஷில்.

"வீட்டில், சார்."

திங்கட்கிழமை வரச்சொன்னார். அந்தப் பைகளை நான் கடைசிவரை பிரிக்கவில்லை.

நேற்று வீடியோவைப் பார்த்து முடித்ததும், மெஷின்மேல் போட்டிருந்த பூத்துணியை எடுத்தேன். அக்கா வந்து வாங்கிக்கொள்ளவே இல்லை. எண்ணெய் விட்டேன். மகளை ஃபோனில் கூப்பிட்டு, குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் வைக்கச்சொன்னேன். மனைவி இந்தப்பக்கம் ஃபோனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "துணியே இல்லாமத் தைக்கிறீங்க, அத ஃபோன்ல வேற" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். மிதித்தேன். கொஞ்சநேரத்தில், தூங்கிவிட்டாள் பப்பா, போதும் என்று மகள் கிசுகிசுத்தாள்.

அந்தக் காலத்தில் நான் காலை எடுத்தாலும் எங்கள் தெருவில் தையல் சத்தம் நிற்காது. அக்கம்பக்கத்தில் எங்காவது ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். டெய்லர் கடையில் இப்போது செல்ஃபோன் விற்கிறார்கள். எதிர்வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கிறது. நான் நிறுத்தினால் இந்தத் தெருவில் ஓட வேறு மெஷின் இல்லை.

போதும் என்று மகள் மறுபடியும் சொன்னாள். நான் இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.