புளி போட்டுத் தேய்த்த ஆட்டக்காரி

திருநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக குமாஸ்தா. மூன்று வருடமாக அந்தத் ‘தற்காலிக’ மட்டும்தான் நிரந்தரமாக இருந்தது. என்னை நிரந்தரமாக்கும் காகிதம் ஒருவழியாக முதல்வர் மேஜைக்கு வந்து, கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முன்வாசலில் வைக்க அந்த வெண்கலச் சிலை வந்தது. நடனமாடும் பெண்ணாம். முகம் கிடையாது. கை எது, முந்தானை எது என்று தெரியாது. தூக்கியிருந்தது கால்தான் என்பதைச் சிற்பியே சொன்னதால் நம்பினேன்.

“திங்கக்கிழமை திறப்பு. பத்திரமாப் பாத்துக்கங்க” என்றார் முதல்வர்.

ஞாயிற்றுக்கிழமை காவலிருந்த எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, சிலையைப் பார்த்து முகம் சுளித்தாள். “என்னங்க, இம்புட்டுக் களிம்பு! நாலு பேரு வந்து போற எடம்ல?”

உண்மைதான், உடம்பெல்லாம் பச்சை. எங்கள் வீட்டில் குத்துவிளக்கு அப்படியிருந்தால் மானம் போய்விடும். அரைக் கிலோ புளி, செங்கல் பொடி, தேங்காய் நார் வந்தன. மேல் பாதி நான், கீழ் பாதி அவள். சாயங்காலம் சிலை கல்யாணச் சீர்ப் பாத்திரம்போல் மின்னியது. காகிதத்தில் கையெழுத்து விழுந்தேவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சிற்பி வந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணே, பச்சை எங்கண்ணே?”

“ஒரு பொட்டு விடலண்ணே, அம்புட்டையும் எடுத்தாச்சு!”

“இருபது நாளு மருந்து பூசி, சூடு காட்டி வரவச்ச பச்சைண்ணே அது.”

“என் வேலைக் காகிதம் இன்னும் கையெழுத்தாகலண்ணே” என்று உளறினேன்.

முதல்வர் வந்து கண்ணைச் சுருக்கினார். “அன்னைக்குப் பச்சையாவுல்ல இருந்துச்சு?”

சிற்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். திறப்பைத் தள்ளிவைத்து, மறுபடி பூசியிருக்கலாம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நாந்தான் தேய்க்கச் சொன்னேன் சார்” என்றார்.

“அதான பாத்தேன். இப்பத்தான் சிலை மாதிரி இருக்கு!” என்று முதல்வர் மகிழ்ந்துபோனார். அந்தப் பாராட்டையும் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

போகும்போது என்னிடம், “இனி யாரையும் தொட விடாதீங்கண்ணே. மழை வெயில்ல கிடந்தா பச்சை தானா வந்துரும்” என்றார்.

அந்த வாரமே கையெழுத்தானது. என் பிள்ளைகள் படித்ததும் நான் வீடு கட்டியதும் அந்த மனிதர் சொன்ன ஒரு பொய்யால்தான். பதிலுக்கு என்னால் முடிந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புளியோடு வந்தவர்களை எல்லாம் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன்.