வாய் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

லொரெடானா இத்தாலியில் பியாவே ஆற்றங்கரைக்காரி. யூரோ நாடுகளின் வங்கிகளையெல்லாம் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆள் எடுத்தபோது அவளுக்கும் வேலை கிடைத்தது. அண்ணன் டார்யோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் தங்கச்சியைக் கண்டா பேங்க் முதலாளியெல்லாம் எழுந்து நிப்பான்" என்று மதுக்கடையில் அளந்துகொண்டிருப்பார்.

வேலையில் பார்த்ததை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அவள் கையெழுத்திட்டுக் கொடுத்த உறுதி.

ஒரு வசந்தத்தில் அவள் ஊர் வங்கியையே சோதிக்க ஒரு குழு போனது. மொழி தெரிந்தவள் என்று அவளையும் சேர்த்தார்கள். உள்ளே பார்த்தால் வெறும் உமி. தன் பங்கை வாங்கச் சொல்லி ஊராருக்குத் தானே கடன் கொடுத்து, அந்தப் பணத்தையே தன் மூலதனம் என்று காட்டியிருந்தது வங்கி.

அந்த வார ஞாயிறு அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி நிவெஸ் முயல்கறி சமைத்திருந்தாள்.

"மூக்குக்கண்ணாடிப் பட்டறையை வித்துட்டேன்மா. பணத்தை நம்ம பேங்க் பங்குல போடச் சொல்றாரு மேனேஜர். நீ என்ன சொல்ற?" என்று கேட்டார் டார்யோ.

"இதெல்லாம் நான் பேசக்கூடாதுண்ணே."

"அடேயப்பா, அதிகாரியம்மா!" என்று சிரித்தாள் நிவெஸ்.

"மோசம்னா இவ மூஞ்சியிலயே தெரிஞ்சிருக்கும். போட்டுட வேண்டியதுதான்" என்றார் டார்யோ.

லொரெடானா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. ஒருவருக்குச் சொன்னால் மறுநாளே ஊர் முழுக்கப் பணம் கேட்டு வங்கி வாசலில் நிற்கும். பிந்தி வந்தவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. அது அவளுக்குத் தெரியும். நிவெஸ் வைத்த இன்னொரு துண்டுக் கறியையும் தின்று முடித்தாள்.

அடுத்த ஆண்டு அந்தப் பங்கின் விலை ஒரு காப்பிக்குக்கூடத் தேறவில்லை. சோதனை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே நடந்ததைப் பத்திரிகையில் பார்த்த டார்யோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் ஓடி வந்தபோது வாசலிலேயே நிறுத்தினார்.

"சொன்னா உன் வேலை போயிருக்கும். அது எனக்குப் புரியுதும்மா. ஆனா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எப்படி உக்காந்து சாப்பிட்ட?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

டார்யோ இப்போது வேறொருவர் பட்டறையில் கூலிக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டம் தேய்க்கிறார். அவர் பிறந்தநாளுக்கு லொரெடானா ஆண்டுதோறும் தொலைபேசியில் அழைப்பாள். எடுப்பது நிவெஸ்தான். மழை, பனி, முழங்கால் வலி என்று ஏதோ பேசுவாள். பின்னாலிருந்து அண்ணன் இருமுவது கேட்கும். அதைக் கேட்பதற்காகவே லொரெடானா பேச்சை நீட்டிக்கொண்டே போவாள்.