கிளினிக் லீவு

வேலைக்குச் சேர்ந்த அன்றே, எனக்கு நீரிழிவு, மாதம் ஒருநாள் கிளினிக்குக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒளிப்பதற்கு நான் என்ன களவா எடுத்தேன் என்ற திமிர். துறைமுகத்துக்கு வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் ஒஃபிஸ் அது, கொட்டாஞ்சேனையில். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேலிடத்துக்கு எழுதவேண்டியவர் மனேஜர். லீவு என்றாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளவத்தை வீட்டில் இன்சுலினைப் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டுப் பாணை ஒஃபிசில் சாப்பிடலாம் என்று பஸ் ஏறினேன். புத்திகெட்ட வேலை. செவ்வாயில் அந்தோனியார் கோயில் சனத்துக்குள் கொச்சிக்கடையில் பஸ் அசையாது என்று தெரியாதவளா நான்? ஒஃபிசுக்குள் நுழையும்போதே கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. பாண் பார்சலை அவிழ்க்க விரல் வளையவில்லை. பக்கத்து மேசை அக்காவின் டொஃபி டப்பாவுக்குள் கையை விட்டேன். அவர் வெடுக்கென்று பிடுங்கிவிட்டார்.

"விசரே உங்களுக்கு? சீனி வருத்தத்தோட இனிப்புத் தின்னுறீங்கள்."

இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டால் இனிப்புத்தான் மருந்து என்று சொல்ல நாக்குப் புரளவில்லை. அதற்குள் மனேஜர் அறைக்குள் கூப்பிட்டார்.

"போன மாதமும் லீவு, இந்த மாதமும் லீவு. இப்பிடி எண்டால் நான் மேல என்னெண்டு எழுதுறது, பிள்ளை?"

அவர் முகம் இரண்டாகத் தெரிந்தது. விழுந்தால் வேலை போச்சு. விழாமல் நிற்கவும் முடியாது. மேசையில் அவருடைய பால்தேநீர் இருந்தது. மரியாதை பார்க்காமல் எடுத்து மடமடவென்று குடித்தேன்.

துளி இனிப்பில்லை.

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைப் பூட்டினார். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து மேசையின் அடி லாச்சியை இழுத்துத் திறந்து குளுக்கோஸ் பக்கெட்டை எடுத்தார். தண்ணீர்க் கிளாசில் கொட்டி, பேனையால் கலக்கி, என் வாயருகே பிடித்தார்.

நடுக்கம் அடங்கியதும் கேட்டேன். "உங்களுக்குமா சேர்?"

"கனகாலம். இங்க ஒருத்தருக்கும் தெரியாது. மேல தெரிஞ்சால் என்ர மனேஜர் கதிரை போயிடும்." குரலைத் தாழ்த்தினார். "நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறன். இனிமேல் கிளினிக் எண்டு லீவு கேளாதேங்கோ பிள்ளை. தலையிடி எண்டு சொல்லுங்கோ. நானும் அப்பிடித்தான் சமாளிக்கிறன்."

சொன்னபடியே எழுதினார், வேலையும் நிரந்தரமானது. என்னையும் கள்ளியாக்கிவிட்டாரே என்று அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். ஆனால் போன மாதம் கிளினிக் வரிசையில் நின்றபடியே போன் எடுத்து, "தலையிடி சேர்" என்றபோது, என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.