படகிலிருந்து உப்புப் பார்த்தேன்

பத்து நாளைக்கு அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருப்பவனிடம் சொல்கிற பேச்சா அது? ஆனால் சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. முப்பத்திரண்டு வருடம் விறகடுப்புப் புகையில் நின்ற உடம்பு. பிரான்ஸில் வேலை பார்க்கும் மகன் விஷயம் தெரிந்ததும் எனக்கும் அவன் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டுவிட்டான்.

அவன் இருப்பது மத்தியதரைக் கடலோரம். அக்டோபர் கடைசியில் அங்கே சீசன் முடிந்து படகுகள் சும்மா கிடக்குமாம். இரண்டு சின்ன அறையும், எங்கள் கல்லா மேஜை அளவுக்கு ஒரு அடுப்படியும் உள்ள ஒரு மோட்டார் படகை வாடகைக்கு எடுத்தான். ஓட்டுவதற்கு அவனே லைசென்ஸ் வாங்கியிருந்தான். கரையோரமாகவே ஆறு நாள் போவது, பிடித்த இடத்தில் நங்கூரம் போடுவது, சாப்பிடுவது, தூங்குவது. அவ்வளவுதான் திட்டம். கடற்கரை ஓட்டல்களில் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். ஊரே கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது.

எங்கள் கடையில் சட்டியில் அரிசி விழுவதற்கு முன்னால் மசாலாத் தண்ணீரில் உப்புப் பார்ப்பது என் வேலை. எத்தனை மாஸ்டர் மாறினாலும் அது மட்டும் மாறியதில்லை. சீரகச் சம்பா உப்பை இழுத்துக்கொள்ளும் என்பதால் தண்ணீரில் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். எவ்வளவு தூக்கல் என்பது என் நாக்குக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இந்த வேலையைக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

அதனால் படகில் காலை ஏழு மணி ஆனால், அப்போது ஊரில் பத்தரை, தம்பி வீடியோவில் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. மாஸ்டர் கரண்டியால் தண்ணீரை எடுத்து நக்குவார். நான் போனில் அவர் முகத்தைப் பார்ப்பேன். கண் சுருங்கினால் தூக்கல். இரண்டாவது தடவை சப்புக்கொட்டினால் குறைவு. இன்னும் ஒரு கைப்பிடி போடச் சொல்வேன். தம்பி சரிண்ணே என்பான். இப்படி ஒரு கூத்து உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. எனக்கென்னவோ அப்போது அதில் பெருமைதான்.

பாவம், மகன்தான் மாட்டிக்கொண்டான். அவனுக்கு ஆள் அரவம் இல்லாத குடாக்கள் பிடிக்கும். எனக்கு டவர் வேண்டும். முதல் மூன்று ராத்திரியும் பூட்டிக் கிடந்த கடைகளுக்கு எதிரே, டீசல் வாசனையில், துறைமுகத்திலேயே படகைக் கட்டிப்போட வைத்தேன். நாலாம் நாள் அவன் மெதுவாகச் சொன்னான்.

"அத்தா, நான் லீவு போட்டது உங்ககூட இருக்குறதுக்கு. நீங்க இன்னும் திண்டுக்கல்லதான் இருக்கீங்க."

அந்தச் சட்டிச் சோறுதான் உன்னைப் படிக்கவைத்தது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போனது. சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அன்று ராத்திரி எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள் என்றேன்.

மறுநாள் காலையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே படகு நின்றது. மேலே பைன் மரங்கள், கீழே அசையாத தண்ணீர் என்று மனைவி பின்னால் சொல்லித்தான் தெரியும். நான் எதையும் பார்க்கவில்லை. சிக்னல் இல்லாத போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தேன். ஏழு மணியானது, எட்டானது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படகு கிளம்பி, சிக்னல் கிடைக்கும்போது மதியம் பன்னிரண்டரை. ஊரில் நாலு மணி. தம்பி வியாபாரம் முடித்துக் கடை பெஞ்சில் படுத்திருந்தான். குரலில் அசதி தெரிந்தது. யார் உப்புப் பார்த்தது என்று கேட்டேன். நான்தான் என்றான். சரியாக இருந்ததா என்றேன். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்களுக்குப் போன் போடுறதுக்கு முன்னாடியே அரிசியப் போட்டுருவோம். காமிக்கிறதுக்குன்னு ஒரு சின்னச் சட்டியில தண்ணிய எடுத்து வச்சிருப்போம்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். நான் விமானம் ஏறியதிலிருந்து என்பான் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுண்ணே. கடையிலயும் நீங்க பாத்துட்டுக் கல்லாவுக்குப் போயிருவீங்க. நீங்க போடச் சொன்ன உப்ப நாங்க போடுறதில்ல. உங்களுக்கு உப்பு தெரிய மாட்டேங்குது."

ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாள் நான் சொன்னபடி போட்டு, வாய் வைக்க முடியாமல் கரித்து, பார்சல்கள் திரும்பி வந்தனவாம். அதையும் என் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டார்களாம். கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபப்படுவதற்குத் தெம்பில்லை. வெட்கமாக இருந்தது. தினமும் பத்துப் பேருக்கு முன்னால் கரண்டியை நக்கிவிட்டு நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரிக்காமல் எப்படி நின்றார்கள் என்று தெரியவில்லை.

அடுப்படியில் மனைவி மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். உனக்கும் தெரியுமா என்று கேட்டேன். அவள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வீட்டுலயும் அப்படித்தான. ரெண்டு வருசமா உங்க தட்டுக்கு மட்டும் தனியா உப்புப் போட்டு வைக்கிறேன். இல்லேன்னா என்ன வெஞ்சனம் இதுன்னு எந்திரிச்சுப் போயிருவீங்க."

சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எப்படிச் சொல்றது? கடையில அது ஒண்ணுதான உங்க கையில இருந்துச்சு."

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கென்று எடுத்துவைத்திருந்த குழம்பை வேண்டாம் என்றேன். அவர்களுக்கு ஊற்றியதையே ஊற்றச் சொன்னேன். வெந்நீரில் வெந்த மீனைத் தின்பது போல இருந்தது. நல்லா இருக்கா அத்தா என்று மகன் கேட்டான். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.